நெஞ்சுக்குள் ஓயாத அபாய மணி

மண்ணுலகில் பிறந்தவுடன் மனிதன் செய்யும் முதல் வேலை மூச்சை உள்ளிழுப்பது. இறுதியாகச் செய்வது அதனை வெளிவிடுவது. இவ்விரண்டுக்கும் இடையே நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 தடவை நாம் மூச்சுவிடுகின்றோம். ஒரு தடவையேனும் அதைப் பற்றி எண்ணுவதில்லை. களிமண் உருவின் நாசியில் ஆண்டவர் உயிர்மூச்சை ஊதியதாகத் திருமறையின் முதல் ஏடுகள் கூறுகின்றன. அந்தக் கொடையைக் கணக்குப் பார்க்காமல் செலவிடுவதே உடல்நலத்தின் அடையாளம் போலும்.

ஆனால் ஒவ்வொரு மூச்சையும் எண்ணி எண்ணி விடுகிறவர்கள் நம் பங்குகளில் எத்தனை பேர்! கோவில் வாசலின் நான்கு படிகளை ஏறுவதற்குள் இருமுறை நின்று தூணைப் பிடித்துக்கொள்ளும் பெரியவர் உண்டு. செபமாலையில் ஓர் அருள்நிறை மந்திரத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாமல், பாதியை உதட்டளவில் முணுமுணுக்கும் தாய்மார் உண்டு. மார்கழிப் பனியில் நடுச்சாமத் திருப்பலிக்கு வர ஆசையிருந்தும், வந்தால் இருமல் எல்லாருக்கும் இடைஞ்சலாகுமே என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. "வயதாகிவிட்டது, சாமி, இளைப்பு இருக்கத்தானே செய்யும்" என்று இவர்கள் நம்மிடம் சொல்வதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. வயது மட்டும் இப்படி மூச்சைப் பறிப்பதில்லை.

மருத்துவர்கள் இதனை நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றும், சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்றும் அழைக்கின்றனர். மூச்சுக்குழல்கள் வீங்கிச் சளியால் அடைபடுவது இதன் ஒரு முகம். காற்றுச் சிற்றறைகளின் மெல்லிய சுவர்கள் சிதைந்து பெரும் பொந்துகளாவது மற்றொரு முகம். பின்னதற்கு எம்பிசீமா என்று பெயர். 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் இந்நோயால் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தியாவில் 1990இல் 2 கோடியே 81 இலட்சமாக மதிப்பிடப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை 2016இல் 5 கோடியே 53 இலட்சமாயிற்று. காசநோயைக் கண்டு நடுங்கும் நாம், அமைதியாக வந்து அமர்ந்துகொண்ட இதனைக் கண்டு நடுங்குவதில்லை.

இந்நோயை முதன்முதலில் தெளிவாக வரைந்து காட்டியவர்களுள் ஒருவர் பிரெஞ்சு நாட்டு மருத்துவர் ரெனே லென்னெக். பக்தியுள்ள கத்தோலிக்கர், பிரிட்டானி மண்ணின் மைந்தர். 1816இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தவரும் இவரே. இறந்தவர்களின் மார்பைத் திறந்தபோது சிலருடைய நுரையீரல்கள் வழக்கம்போல் சுருங்கிவிடாமல், காற்றடைத்த பை போல உப்பியே நிற்பதை அவர் கண்டார். அவற்றை ஊதி உலரவைத்து, அறுத்துப் பார்த்து, தம் கண்டறிதலை 1819இல் வெளியிட்ட நூலில் எழுதினார். மற்றவர்களின் நெஞ்சொலியைக் கேட்டே வாழ்ந்த அம்மனிதர் 1826இல், தமது 45ஆம் வயதில், காசநோயால் இறந்தார். சுவர்கள் சிதைந்திருப்பதை லென்னெக் கண்டார். அவற்றைச் சிதைத்தவர் யார் என்பதை அறிய, அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

சிதைத்தவர் வெளியாளல்லர். நம் உடலைக் காக்க இறைவன் ஏற்படுத்திய காவலர்களே அவர்கள்!

இதனை விளங்கிக்கொள்ள ஓர் உவமை உதவும். கடலோரப் பங்குகளில் வளர்ந்தவர்கள் அறிவார்கள்: திருப்பலி நேரமல்லாத வேளையில் கோவில் மணி விடாமல் அடித்தால் ஏதோ அபாயம் என்று பொருள். தீப்பற்றியிருக்கலாம், கடலுக்குப் போன படகு திரும்பாதிருக்கலாம். அவரவர் கையில் கிடைத்த குடம், கயிறு, அரிவாள் ஆகியவற்றுடன் ஊரே ஓடிவரும். நுரையீரலிலும் இத்தகைய மணிகள் உள்ளன. மூச்சுக்குழலின் உட்புறத்தை மூடியிருக்கும் அணுக்களும், சிற்றறைகளில் உலவிக் குப்பை கூட்டும் பெருவிழுங்கி அணுக்களும் புகையையோ கிருமியையோ கண்டவுடன் சிறிய புரதத் துணுக்குகளைச் சுரந்து இரத்தத்துக்குள் அனுப்புகின்றன. 'இங்கே அபாயம், ஓடி வாருங்கள்' என்பதே அவற்றின் செய்தி. இத்தூதுப் புரதங்களுக்குப் பொதுப்பெயர் சைட்டோகைன்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் 'சைட்டோகைன் புயல்' என்று செய்தித்தாள்களில் அடிக்கடி படித்தோமே, அவையேதாம்.

இவற்றை அறிஞர்கள் ஒவ்வொன்றாகவே கண்டுபிடித்தனர். 1957இல் இலண்டனில் அலிக் ஐசக்சும் ஸ்விட்சர்லாந்து நாட்டவரான ஜீன் லின்டென்மானும், வைரஸ் தாக்கிய அணுக்கள் ஒரு பொருளைச் சுரந்து மற்ற அணுக்களைக் காப்பதைக் கண்டு, அதற்கு இண்டர்ஃபெரான் என்று பெயரிட்டனர். 1974இல் ஸ்டான்லி கோஹன் என்பவர் சைட்டோகைன் என்ற பொதுச்சொல்லை வழங்கினார். ஒரே புரதத்திற்கு ஆய்வுக்கூடந்தோறும் ஒரு பெயர் என்ற குழப்பம் மிகவே, 1979இல் ஸ்விட்சர்லாந்தின் எர்மாட்டிங்கன் என்ற சிற்றூரில் கூடிய அறிஞர்கள், வெள்ளணுக்களிடையே தூது செல்பவை என்ற பொருளில் இண்டர்லூக்கின் என்ற பெயரை ஏற்படுத்தி எண்ணிட்டு வழங்கத் தொடங்கினர். ஊரில் அந்தோணி என்ற பெயரில் இருபது பேர் இருந்தால் வீட்டுப்பெயர் சேர்த்து அழைக்கிறோம் அல்லவா, அதுபோலத்தான்.

நம் கதைக்கு முக்கியமானது 1987இல் கண்டறியப்பட்ட இண்டர்லூக்கின்-8. நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்களைக் கூவி அழைக்கும் தனி மணி இது. புகை பட்ட நுரையீரலில் இது ஓங்கி ஒலிக்கிறது. நியூட்ரோபில்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்கின்றன. அவற்றின் கையிலுள்ள அரிவாள் எலாஸ்டேஸ் என்னும் நொதி. கிருமிகளை வெட்டுவதற்கென்று கொடுக்கப்பட்ட கருவி அது. ஆனால் காற்றுச் சிற்றறைகளுக்கு ரப்பர் போன்ற இழுவையைத் தரும் எலாஸ்டின் இழைகளையும் அது அறுத்துவிடும்.

இதற்குச் சான்று கிடைத்த வரலாறு சுவையானது. 1963இல் ஸ்வீடன் நாட்டின் மால்மோ நகர மருத்துவமனையில் லாரெல், எரிக்சன் என்ற இருவர் ஏறத்தாழ 1,500 பேருடைய இரத்தப் புரதங்களைத் தாளில் பிரித்துப் பார்த்தபோது, ஐவரிடம் ஒரு பட்டை மட்டும் காணாமற்போயிருந்தது. அந்த ஐவரில் மூவருக்கு எம்பிசீமா! காணாமற்போனது ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம். கல்லீரலில் உண்டாகி, எலாஸ்டேசின் கூர்மையை மழுங்கச் செய்வது அதன் வேலை. அரிவாளுக்கு உறை இல்லாமற்போனால் என்னாகும் என்பதை அந்த மூவரின் நெஞ்சும் காட்டிற்று. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் பால் கிராசும் அவருடைய தோழர்களும் பப்பாளிப் பாலிலுள்ள பப்பெய்ன் என்ற நொதியை எலிகளின் நுரையீரலில் செலுத்தினர். அவற்றுக்கும் எம்பிசீமா வந்தது. ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் ஒரு துண்டு பப்பாளிக்காயைப் போட்டு வேகவைக்கும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இறைச்சியை மசிய வைப்பது எதுவோ, அதன் உறவினம்தான் நோயாளியின் நெஞ்சுக்குள் வேலை செய்கின்றது. புகையிலைப் புகையோ, உறையாகிய அந்தப் புரதத்தையே செயலிழக்கச் செய்து இரட்டைத் தீங்கு விளைவிக்கின்றது.

தீ அணைந்ததும் மணி நிற்கவேண்டும். ஓடிவந்தவர்கள் வீடு திரும்பவேண்டும். சளிக்காய்ச்சலில் அவ்வாறே நிகழ்கின்றது. ஆண்டுக்கணக்கில் புகை குடித்த நெஞ்சில் மட்டும் மணி நிற்பதில்லை. இதற்கு ஒரு காரணம், எலாஸ்டேஸ் தானே மூச்சுக்குழல் அணுக்களைத் தூண்டி மேலும் இண்டர்லூக்கின்-8 சுரக்கச் செய்வது. அறுபட்டு விழுந்த எலாஸ்டின் துண்டுகளும் புதிய வெள்ளணுக்களை அழைக்கின்றன. இடிந்த சுவரின் செங்கற்களே மணிக்கயிற்றைப் பிடித்து இழுப்பது போன்ற நிலை! புகைப்பதை விட்டுவிட்ட பின்னரும் பலருக்கு இந்த அழற்சி அடங்காமல் தொடர்வதன் மருமம் இதுவே.

நெஞ்சில் பிறந்த செய்தி நெஞ்சோடு நிற்பதுமில்லை. நோய் முற்றியவர்கள் உண்டும் மெலிவதை, தோளும் தொடையும் கரைந்து எலும்புந்தோலுமாவதை நாம் பார்த்திருக்கிறோம். 1975இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில், புற்றுக்கட்டிகளை அழியச் செய்யும் ஒரு புரதத்தைக் கண்டு அதற்குக் கட்டி நசிவுக் காரணி என்று பெயரிட்டனர். அதே நகரின் மற்றோர் ஆய்வுக்கூடத்தில், நாட்பட்ட நோயாளிகளின் உடலை உருக்கும் பொருளைத் தேடியவர்கள் அதற்குக் கேகெக்டின் என்று பெயரிட்டனர். இரண்டும் ஒன்றே என்பது 1985இல் தெளிவாயிற்று. சுவாசிப்பதற்கே இவர்களுக்கு மிகுதியான உழைப்பு வேண்டியிருக்கின்றது. அத்துடன் இரத்தத்தில் உலவும் இத்தகைய தூதுப்புரதங்களும் சேர்ந்து தசையைத் தேய்க்கின்றன. ஆகவே "சாப்பிடாமல் பிடிவாதம் பிடிக்கிறார்" என்று மருமக்கள் நொந்துகொள்வதில் நியாயமில்லை. வயிறு நிறையச் சோறு உண்டால் மேல்மூச்சு வாங்கும். முட்டை, பருப்பு, மீன் முதலியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கலாம்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டியுள்ளது. பெருந்தொற்றுக்குப்பின், நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குவதாகக் கூறிக்கொள்ளும் பொடிகளும் இலேகியங்களும் நம் குடும்பங்களின் பணத்தை வெகுவாக உறிஞ்சி வருகின்றன. மூச்சிளைப்பு நோயாளிக்காக மாதந்தோறும் இவற்றை வாங்கும் பிள்ளைகளின் அன்பை நாம் குறைகூறவில்லை. ஆனால் எதிர்ப்பு குறைந்ததனால் வந்த நோயா இது? ஓயாமல் மணியடித்துக்கொண்டிருக்கும் கோவிலில் இன்னும் பெரிய மணியைக் கட்டுவதா பரிகாரம்? அந்தப் பணத்துக்கு நல்ல இன்ஹேலர் வாங்கிக் கொடுப்பது மேல்.

மணியை நிறுத்த மருத்துவர்கள் முயலாமலில்லை. முடக்குவாத நோயில் வெற்றிகண்ட இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்து கட்டி நசிவுக் காரணியைக் கட்டிப்போடக்கூடியது. அதனை 234 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2007இல் வெளிவந்தது. பயன் ஒன்றும் காணோம். மருந்து பெற்றவர்களிடையே புற்றுநோயும் நிமோனியாவும் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்றாலும் அச்சத்தை விளைவித்தது. இண்டர்லூக்கின்-8ஐ மடக்கும் எதிர்ப்பொருளை 2004இல் சோதித்தவர்களும், மூச்சுத்திணறல் சிறிது தணிந்ததைக் கண்டனரேயன்றி நுரையீரலின் திறன் கூடியதைக் காணவில்லை. பல மணிகள் ஒருங்கே ஒலிக்கையில் ஒன்றின் நாவை மட்டும் கட்டினால் போதாது. மேலும் மணியே ஒலிக்காத ஊரில் திருடன் நுழைவான், கிருமிகளும் அவ்வாறே.

அண்மையில்தான் ஒரு கதவு திறந்திருக்கிறது. எல்லா நோயாளிகளின் நெஞ்சிலும் நியூட்ரோபில்களே ஆட்சி செய்வதில்லை. ஒரு சாராரின் இரத்தத்தில் ஈயோசினோபில் என்னும் வேறுவகை வெள்ளணுக்கள் மிகுந்திருக்கும். சாதாரண இரத்தச் சோதனையிலேயே இது தெரிந்துவிடும். இவர்களுக்கு இண்டர்லூக்கின்-4, 5, 13 ஆகிய தூதுப்புரதங்களே முதன்மையான மணிகள். இவற்றுள் 4, 13 ஆகிய இரண்டின் செய்தியும் அணுவுக்குள் நுழையும் வாயிலை அடைக்கும் டுபிலுமாப் என்ற ஊசிமருந்தை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓராண்டு காலம் கொடுத்துச் சோதித்தனர். 939 பேர் பங்குபெற்ற முதல் ஆய்வு 2023இலும், 935 பேர் பங்குபெற்ற இரண்டாம் ஆய்வு 2024இலும் வெளிவந்தன. நோய் திடீரென முற்றிப் படுக்கையில் தள்ளும் தடவைகள் முதல் ஆய்வில் 30 விழுக்காடும், இரண்டாவதில் 34 விழுக்காடும் குறைந்தன. 2024இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் இம்மருந்தை இந்நோய்க்கு ஏற்றுக்கொண்டன. இண்டர்லூக்கின்-5ஐத் தடுக்கும் மெபோலிசுமாப் 2025 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவை நோயைக் குணமாக்குவன அல்ல. இன்ஹேலருக்கு மாற்றும் அல்ல. விலையோ நம் பங்கு மக்களில் பெரும்பாலோர்க்கு எட்டாத உயரம். நல்ல செய்தி பணக்காரர் வீட்டு வாசலில் மட்டுமே நின்றுவிடுவது பழைய கதை. இதிலும் அது தொடர்வது நம் மனத்தை உறுத்துகின்றது.

திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களை நினைக்காமல் இக்கட்டுரையை மேற்கொண்டு எழுத இயலவில்லை. இளமையில், 1957இல், புவெனஸ் அயர்சில் அவருடைய வலது நுரையீரலின் ஒரு பகுதி அகற்றப்பட்டது. 2025 பிப்ரவரி 14ஆம் நாள் ரோமையின் ஜெமெல்லி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இரு நுரையீரல்களிலும் நிமோனியாவுடன் போராடி, மார்ச் 23இல் இல்லம் திரும்பினார். ஏப்ரல் 21இல் பக்கவாதத்தாலும் இதயச் செயலிழப்பாலும் இறைவனடி சேர்ந்தார். வத்திக்கான் வெளியிட்ட இறப்புச் சான்றில் அவருக்கிருந்த நோய்களுள் ஒன்றாக, மூச்சுக்குழல்கள் நிலையாக விரிந்து சளி தேங்கும் பிராங்கியெக்டேசிஸ் குறிப்பிடப்பட்டிருந்தது. அந்நோயிலும் அதே நியூட்ரோபில்கள், அதே அரிவாள். அதே 2025 ஆகஸ்டில் அமெரிக்கா ஒப்புதல் அளித்த பிரென்சோகேடிப் என்ற மாத்திரை, நியூட்ரோபில்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போதே அவற்றின் அரிவாளைக் கூர்தீட்டவிடாமல் தடுக்கின்றது. நோய் முற்றும் தடவைகள் இதனால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. சிகரெட் விற்பனை 2018 முதல் வத்திக்கானுக்குள் கூடாது என்று 2017 நவம்பரில் முடிவுசெய்தவரும் அதே திருத்தந்தைதான். வருவாயைவிட மக்களின் நலமே பெரிது என்று அவர் கருதினார்.

புகை என்றாலே பீடியும் சிகரெட்டும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. வாழ்நாளில் ஒரு பீடியையும் தொடாத தாய்மாருக்கு இந்நோய் எங்கிருந்து வந்தது? விறகும் சுள்ளியும் வறட்டியும் எரித்து, ஊதுகுழலால் அடுப்பை ஊதி ஊதிக் குடும்பத்துக்குச் சோறிட்ட நெஞ்சங்கள் அவை. சன்னலில்லாத சமையற்கட்டின் புகையும் அதே மணியைத்தான் அடிக்கின்றது. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நிற்போரிடையே இந்நோய் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் பல ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு கிடைத்துள்ளது. ஆயினும் சிலிண்டரைச் சிக்கனப்படுத்தி, வெந்நீருக்கும் நெல் அவிப்பதற்கும் இன்னமும் விறகடுப்பையே மூட்டும் வீடுகளை நாம் வீடு மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் காண்கிறோம். வீட்டில் சிக்கனத்தின் விலையை எப்போதும் பெண்ணே கொடுக்கிறாள். அடுப்பையாவது முற்றத்துக்கு மாற்றுங்கள். கூரையில் புகைபோக்கி வையுங்கள். இருமுகின்ற தாய்க்குச் சளி மருந்து வாங்கிக் கொடுப்பதோடு நில்லாமல், ஸ்பைரோமீட்டர் என்னும் கருவியில் ஒருமுறை ஊதிப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள், ஊசியில்லை, வலியில்லை. (கோவிலில் சாம்பிராணித் தூபம் போடும்போது இளைப்புள்ளவர்கள் சன்னலோரம் அமர்ந்துகொள்ளலாம். பக்தி குறைந்துவிட்டதென்று நாம் எண்ணமாட்டோம்.)

இனி, புகைபிடித்தே நோயை வரவழைத்துக்கொண்டவர்களைப் பற்றி ஒரு சொல். "தானே தேடிக்கொண்டது" என்று அவர்களை நோக்கி விரல் நீட்டுவது எளிது. பிறவிக்குருடனைக் கண்டு, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். பன்னிரண்டு வயதில் அண்ணன்மார் கொடுத்த பீடியில் பழகியவனிடம் நாம் கேட்கவேண்டியது கணக்கன்று. இன்றே அவன் நிறுத்துவதற்கு உதவி. நிறுத்துவதால் பயனுண்டு என்பதற்குச் சான்றும் உண்டு. இலண்டனில் 792 ஆண்களின் மூச்சை எட்டாண்டுக் காலம் அளந்துவந்த ஃப்ளெச்சரும் பீட்டோவும் 1977இல் வெளியிட்ட முடிவு இது: இழந்த நுரையீரல் திரும்பாது; ஆனால் புகைப்பதை நிறுத்தியவரின் நுரையீரல் அதன்பின் தேய்வது, புகைபிடிக்காதவருக்கு வயதோடு தேயும் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அறுபது வயதில் நிறுத்தினாலும் மீதியிருப்பது மிஞ்சும். மணி அடங்க நாளாகலாம். கயிற்றை இழுக்கும் ஒரு கையாவது விலகுகிறதல்லவா?

இன்ஹேலர் பழகிவிட்டால் விடமுடியாது என்ற அச்சம் நம் ஊர்களில் வேரூன்றியிருக்கின்றது. மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கில் உடலெங்கும் பரவுகிறது. இழுப்பதோ மைக்ரோகிராம், அதாவது அதன் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு, நேரே வேண்டிய இடத்திற்குச் செல்கிறது. மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தே இந்நோயில் முதன்மையானது. ஈயோசினோபில் மிகுந்தவர்களுக்கு அதனுடன் ஸ்டீராய்டும் நன்கு உதவும். நியூட்ரோபில்கள் அதற்கு அவ்வளவாக அடங்குவதில்லை. ஆகவே அடுத்த வீட்டாரின் இன்ஹேலரைக் கடன் வாங்கி இழுப்பது தகாது. இன்ஃப்ளுயென்சாவுக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கும் தடுப்பூசிகள் உள்ளன. ஒவ்வொரு தொற்றும் மணியை மீண்டும் ஓங்கி அடிக்கச் செய்வதால், இவற்றைப் பற்றி மருத்துவரைக் கேட்டறிய வேண்டும். பஃப் வகை இன்ஹேலரை அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒருங்கே கைவராத முதியோர், ஸ்பேசர் என்னும் குடுவையை நடுவில் பொருத்திக்கொண்டால் மருந்து தொண்டையில் வீணாகாது. ஸ்டீராய்டு கலந்ததாயின், இழுத்தபின் வாயை நீரால் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். இல்லையேல் நாவில் வெண்படலம் படர்ந்து, அதற்கு அஞ்சியே பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர்.